பேக்கப் யார் கையில இருக்கு?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

  இன்னைக்கு எபிசோடில் கோடிங் எதுவும் கிடையாது. நீங்க டெவலப்பரா இருக்கலாம், பத்துப் பேரை வெச்சு ஒரு கம்பெனி நடத்தலாம், இல்ல வீட்ல அப்பாவோட கடைக் கணக்கை கூகுள் ஷீட்ல போட்டுத் தர்றவரா இருக்கலாம். மூணு பேருக்குமே இது தேவைப்படற விஷயம்.

"எல்லாம் கிளவுட்ல இருக்கு, அதனால சேஃப்." உங்க ஆபீஸ்லயும் ஒருத்தராவது இதைச் சொல்லியிருப்பாங்க. இதுல பாதி உண்மை. அமேசானோட எஸ்3 ஸ்டோரேஜை எடுத்துக்கோங்க. அதுல வைக்கிற ஒரு ஃபைல் ஒரு வருஷத்துல தொலைஞ்சு போகாம இருக்கறதுக்கு அவங்க சொல்ற அளவு 99.999999999 சதவீதம். எண்ணிப் பார்த்தா மொத்தம் 11 ஒன்பது. எங்கேயோ ஒரு டிஸ்க் கெட்டுப் போகும், அது உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. ஆபீஸ் மூலையில தூசி படிஞ்சு ஓடிட்டு இருக்கற சர்வரோட ஒப்பிட்டா, இது எவ்வளவோ மேல்.

ஆனா அந்த 11 ஒன்பதும் டிஸ்க் கெட்டுப் போறதுக்கு எதிரான கணக்கு. நீங்களோ, உங்க பாஸ்வேர்டு கையில கிடைச்ச வேற யாரோ, "இதை அழிச்சுடு"ன்னு சொன்னா, அந்த சிஸ்டம் அந்த வேலையையும் அதே ஒழுங்கோட செஞ்சு முடிக்கும். ஏன்னு கேட்காது.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிடிச்சுக்கப் போறோம். உங்க கம்பெனி டேட்டாவையும் அதோட பேக்கப்பையும் சேர்த்து, ஒரே கையால அழிக்க முடியுமா? கைன்னு நான் சொல்றது ஒரு ஆளா இருக்கலாம், ஒரு லாகினா இருக்கலாம், ஒரு கட்டடமா இருக்கலாம், ஒரு கிளவுட் கம்பெனியாவே இருக்கலாம். முடியும்னா, உங்ககிட்ட இருக்கறது ஒரே டேட்டாவோட ரெண்டு காப்பி. அதை பேக்கப்னு சொல்ல முடியாது.

அவங்க பொறுப்பு எது, நம்ம பொறுப்பு எது

அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூணு பேருமே இதை மறைக்கல. "பகிர்ந்த பொறுப்பு"ன்னு சொல்லி அவங்க டாக்குமென்டேஷன்லயே போட்டிருக்காங்க. கட்டடம், கரண்ட், டிஸ்க், நெட்வொர்க், அடியில ஓடற மெஷின் எல்லாம் அவங்க பொறுப்பு. அந்த மெஷின்ல என்ன வைக்கிறீங்க, யாருக்கு லாகின் தர்றீங்க, யாருக்கு என்ன பர்மிஷன், பேக்கப் எங்க போகுது, இதெல்லாம் நம்ம பொறுப்பு.

பேங்க் லாக்கர் மாதிரி நினைச்சுக்கோங்க. இரும்புக் கதவு, கேமரா, வாட்ச்மேன் எல்லாம் பேங்க்கோட வேலை. சாவியை நீங்க யார்கிட்ட கொடுத்தீங்கன்னு பேங்க் பார்த்துட்டு இருக்காது.

சட்டமும் இதே பக்கம்தான் நிக்குது. 2023ல வந்த நம்ம நாட்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரோட தகவலை வாங்கின கம்பெனிதான் அதுக்குப் பொறுப்பு. வேற ஒரு கம்பெனியோட சர்வர்ல வெச்சிருந்தேன்னு சொல்லி ஒதுங்க முடியாது. தேவையான பாதுகாப்பு செய்யாம விட்டதால தகவல் கசிஞ்சதுன்னா, அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்.

சரி, இப்ப கதைகளுக்குப் போகலாம். அஞ்சு சம்பவம் சொல்றேன். அஞ்சுலயும் கை வேற வேற.

முதல் கை: திருடன்

கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி. மத்த டெவலப்பர்களோட கோடை வாங்கி வெச்சுக் காப்பாத்தறதுதான் அவங்க பிசினஸ். கிட்ஹப் மாதிரி, ஆனா சின்னது. எல்லாமே அமேசான் கிளவுட்ல ஓடிட்டு இருந்தது. பேக்கப் இருக்கு, வேற இடத்துலயும் காப்பி இருக்குன்னு வெப்சைட்ல பெருமையா போட்டிருந்தாங்க.

2014 ஜூன் 17. முதல்ல அவங்க சைட்டுக்கு ஒரு டிடாஸ் தாக்குதல் வந்தது. அதாவது பொய்யான டிராஃபிக்கை அள்ளிக் கொட்டி சர்வரை திணறடிக்கறது. அதைச் சமாளிச்சுட்டு இருக்கும்போதுதான் விஷயம் தெரிஞ்சது, ஒருத்தன் அமேசான் கண்ட்ரோல் பேனலுக்குள்ளயே இருக்கான். உள்ள மெசேஜ் விட்டு வெச்சிருந்தான், பணம் கொடுத்தா தாக்குதலை நிறுத்தறேன்னு.

டீம் உடனே பாஸ்வேர்டை எல்லாம் மாத்த ஆரம்பிச்சாங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனா அவன் முன்னாடியே தனக்கு வேற சில லாகின்களை உருவாக்கி வெச்சிருந்தான். தன்னை வெளிய தள்ளப் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சதும், கண்ணுல பட்டதை எல்லாம் டெலிட் பண்ண ஆரம்பிச்சான். ஸ்டோரேஜ், டிஸ்க் ஸ்னாப்ஷாட், மெஷின் இமேஜ், வரிசையா. பேனல் திரும்பக் கைக்கு வர்றதுக்குள்ள பெரும்பாலான டேட்டா, பேக்கப், மெஷின் செட்டிங்ஸ் எல்லாம் போயிருந்தது. வேற இடத்துல இருக்குன்னு சொன்ன பேக்கப்பும் முழுசாவோ பாதியாவோ போயிருந்தது.

எல்லாம் முடிய ஆனது 12 மணி நேரம். இனி கம்பெனியை நடத்த முடியாதுன்னு அவங்களே வெப்சைட்ல அறிவிச்சுட்டாங்க. அதோட சரி.

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க பேக்கப் எடுக்காதவங்க இல்ல. தினமும் நடக்கற வேலையும் பேக்கப்பும் ஒரே கண்ட்ரோல் பேனல்ல இருந்தது. பீரோ சாவியும் லாக்கர் சாவியும் ஒரே கொத்துல மாட்டி வெச்சிருந்த மாதிரி. கொத்து போச்சு, ரெண்டும் போச்சு.

ரெண்டாவது கை: நெருப்பு

அடுத்தது பிரான்ஸ். ஓவிஹெச்கிளவுட், ஐரோப்பாவோட பெரிய கிளவுட் கம்பெனிகள்ல ஒண்ணு. 2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டின நேரம். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல அவங்க டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சது. எஸ்பிஜி2ன்னு ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சு போச்சு, பக்கத்துல இருந்த எஸ்பிஜி1ல ஒரு பகுதியும் போச்சு. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்ல. ஆனா லட்சக்கணக்கான வெப்சைட் நின்னு போச்சு.

அந்த கம்பெனியைத் தொடங்கின ஆக்டேவ் கிளாபா அன்னைக்கே ட்விட்டர்ல ஒரு வேண்டுகோள் போட்டார். பேரிடர் மீட்புத் திட்டத்தை ஆரம்பிச்சுடுங்கன்னு வாடிக்கையாளர்கள்கிட்ட சொன்னார். அப்படி ஒரு திட்டம் தங்ககிட்ட இல்லைன்னு நிறைய பேருக்கு அப்பதான் உறைச்சது. ரஸ்ட் கேம் விளையாடறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா ஞாபகம் இருக்கும், அந்த கேமோட ஐரோப்பிய சர்வர்கள்ல 25 சர்வரோட டேட்டா திரும்பவே வரல. காசு கொடுத்து பேக்கப் வாங்கியிருந்தவங்கள்லயும் சிலருக்கு, அந்த பேக்கப்பும் அதே வளாகத்துலதான் இருந்திருக்கு.

இந்தியாவுல இருக்கறவங்க இதைத் தள்ளிப் போட முடியாது. மும்பை ரீஜன்ல சர்வர் வெச்சிருக்கீங்கன்னா, பேக்கப்போட ஒரு காப்பி ஹைதராபாத்துக்குப் போகுதான்னு பாருங்க. டேட்டா நாட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்தாலும் பிரச்சினை இல்ல. பெரிய மூணு கிளவுட்டுக்கும் இந்தியாவுக்குள்ளயே ஒண்ணுக்கு மேல ரீஜன் இருக்கு.

பெரிய இடங்களும் இதுல தப்பிக்கல. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென் கொரியாவோட டேஜான் நகரத்துல, அரசாங்க டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைக்கிற ஜி-டிரைவ்ங்கற சர்வீஸ்ல 858 டெராபைட் போச்சு. அது ரொம்ப பெரிய ஸ்டோரேஜ், அதனால வெளிய பேக்கப் வைக்க முடியலைன்னு காரணம் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, உலகத்துல அதிக டெக்னாலஜி இருக்கற நாடுகள்ல ஒண்ணு அது.

மூணாவது கை: கிளவுட் கம்பெனியே

இது நான் டீம்ல எல்லார்கிட்டயும் சொல்ற கதை. யூனிசூப்பர்னு ஆஸ்திரேலியாவுல ஒரு ஓய்வூதிய நிதி. நம்ம பிஎஃப் மாதிரி. 6 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். 2024 மே மாசம் திடீர்னு அவங்க யாராலயும் தங்க கணக்கைப் பார்க்க முடியல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, சரியாக ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. வாழ்நாள் சேமிப்பு எங்க போச்சுன்னு தெரியாம ஒரு வாரம் இருந்து பாருங்க.

ஹேக்கர் யாரும் இல்ல. யூனிசூப்பரோட தனி கிளவுட் ஒண்ணை கூகுள் கிளவுடோட சிஸ்டமே டெலிட் பண்ணியிருந்தது. பிறகு கூகுள் கொடுத்த விளக்கம் இது. ஒரு வருஷத்துக்கு முன்னாடி அதை செட்டப் பண்ணும்போது, கூகுள் ஊழியர்கள் உள்ளுக்குள்ள பயன்படுத்தற ஒரு டூல்ல ஒரு இடத்தைக் காலியா விட்டுட்டாங்க. காலியா விட்டா ஒரு வருஷக் கெடுன்னு அந்த டூல் எடுத்துக்கும். வருஷம் முடிஞ்சது, தானா அழிஞ்சது. வாடிக்கையாளர் கேட்டு அழிச்சது இல்லங்கறதால, எச்சரிக்கை மெயில்கூட போகல.

ஒரு ஃபார்ம்ல ஒரு கட்டம் காலி. அவ்வளவுதான்.

யூனிசூப்பர் பிழைச்சது எப்படின்னா, அவங்க பேக்கப்பை வேற ஒரு நிறுவனத்துகிட்டயும் தனியா வெச்சிருந்தாங்க. கூகுள்ல தனி ஸ்டோரேஜ்ல இருந்த பேக்கப்பும் தப்பிச்சிருந்தது. ரெண்டையும் வெச்சு திரும்பக் கட்டினாங்க. கோட் ஸ்பேசஸோட இதை வெச்சுப் பாருங்க. அடி விழுந்தது ரெண்டு பேருக்கும். ஒரு கம்பெனி 12 மணி நேரத்துல இல்லாம போச்சு, இன்னொண்ணு இன்னைக்கும் இருக்கு. பேக்கப் எந்தக் கையில இருந்ததுங்கறதுதான் வித்தியாசம்.

நாலாவது கை: அரசியல்

இது நம்ம ஊர் ஹைவேல பங்க் வெச்சிருக்கற கம்பெனி. நயாரா எனர்ஜி. குஜராத்ல வாடினார்ல பெரிய சுத்திகரிப்பு ஆலை. ரஷ்யாவோட ராஸ்னெஃப்ட்டுக்கு அதுல 49.13 சதவீதம் பங்கு இருக்கு. 2025 ஜூலைல ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரா போட்ட புது தடைகள்ல நயாரா பேரும் வந்தது. சில நாள்லயே மைக்ரோசாஃப்ட் அவங்களுக்கு கொடுத்துட்டு இருந்த சர்வீஸை நிறுத்திடுச்சு. மெயில் இல்ல, டீம்ஸ் இல்ல.

முழு பணம் கட்டின லைசென்ஸ் இருந்தும் எங்க சொந்த டேட்டாவையே எங்களால தொட முடியலைன்னு சொல்லி நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. அந்த மாசம் முடியறதுக்குள்ள சர்வீஸ் திரும்ப வந்துடுச்சு.

அந்தத் தடை சரியா தப்பாங்கறது வேற விவாதம், அது இன்னைக்கு வேண்டாம். இங்க யாரும் எதையும் அழிக்கல. டேட்டா பத்திரமா இருந்தது. ஆனா கதவு பூட்டியிருந்தது, சாவி வேற நாட்டுல இருந்தது. சின்ன கம்பெனிக்கு இந்த மாதிரி பெரிய அரசியல் வராதுன்னு நினைக்கலாம். உண்மைதான். ஆனா பில் கட்டாம அக்கவுண்ட் சஸ்பெண்ட் ஆகலாம். உங்க அக்கவுண்ட்ல ஏதோ சந்தேகம்னு தானியங்கி சிஸ்டம் ஒண்ணு பூட்டிடலாம். நமக்கு விளைவு ஒண்ணுதான், திங்கட்கிழமை காலையில மெயில் திறக்காது.

அஞ்சாவது கை: நம்ம கையே

கிட்லேப் உங்களுக்குத் தெரியும். 2017 ஜனவரி 31. ராத்திரி நேரம், டேட்டாபேஸ்ல ஒரு பிரச்சினையைச் சரி பண்ணிட்டு இருந்த ஒரு இன்ஜினியர், ரெண்டாவது சர்வர்ல ஒரு ஃபோல்டரை அழிக்கறதா நினைச்சு, மெயின் சர்வர்ல கமாண்ட் கொடுத்துட்டார். ஓரிரு நொடியில உறைச்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபில மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்கே? இங்கதான் கதை. எஸ்3ல போய்ப் பார்த்தா காலி. பேக்கப் எடுக்கற டூலோட வெர்ஷனும் டேட்டாபேஸ் வெர்ஷனும் ஒத்துப் போகாம, பேக்கப் ஓடவே இல்ல. ஓடலைன்னு எச்சரிக்கை மெயில் போயிட்டுதான் இருந்தது, ஆனா அந்த மெயில்ல சரியான கையெழுத்து இல்லாததால மெயில் சர்வர் அதை உள்ள விடல. அப்ப அவங்க அஷ்யூர் கிளவுட்ல இருந்தாங்க. அதுல டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தும், டேட்டாபேஸ் சர்வருக்கு அதை ஆன் பண்ணல. அஞ்சு விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒண்ணுகூட உருப்படியா இல்லைன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க.

காப்பாத்தினது, வேற வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமெண்ட், 700 புது யூசர்.

அந்த இன்ஜினியரை நான் குறை சொல்ல மாட்டேன். களைப்பா இருக்கற ராத்திரில ரெண்டு கறுப்பு டெர்மினல் பக்கத்துல பக்கத்துல திறந்திருந்தா யாருக்கும் இது நடக்கும். கிட்லேப்பும் அவரைக் குறை சொல்லல. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாதுங்கறதுதான் அவங்க எடுத்துக்கிட்ட பாடம்.

என்கிரிப்ட் பண்ணிட்டோமே?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். டேட்டா அழியறது ஒண்ணு, வெளிய போறது இன்னொண்ணு. வெளிய போகாம இருக்க என்கிரிப்ஷன் போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க.

2019ல அமெரிக்காவோட கேபிடல் ஒன் பேங்க்ல நடந்ததைப் பாருங்க. அமேசான் கிளவுட்ல இருந்து அமெரிக்காவுல சுமார் 10 கோடி பேர், கனடாவுல சுமார் 60 லட்சம் பேரோட விவரம் வெளிய போச்சு. அங்கேயும் டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான் இருந்தது. ஆனா தப்பா செட் பண்ணின ஒரு ஃபயர்வால் வழியா உள்ள போனவங்களுக்கு, அந்த ஃபயர்வாலுக்குக் கொடுத்திருந்த பர்மிஷன் கிடைச்சது. அந்த பர்மிஷன்ல கேட்டா, சிஸ்டமே டேட்டாவை டிக்ரிப்ட் பண்ணி கொடுத்துடும். ஒரு ஃபயர்வாலுக்கு அத்தனை வாடிக்கையாளர் ஃபைலையும் படிக்கற உரிமை எதுக்கு? அதுதான் அங்க கேட்காம விட்ட கேள்வி. அந்த பேங்க் கட்டின அபராதம் 8 கோடி டாலர்.

டிஸ்க்கைத் திருடிட்டுப் போறவனுக்கு எதிரா என்கிரிப்ஷன் நல்ல பூட்டு. முன்வாசல் வழியா, சரியான அடையாள அட்டையோட வர்றவன்கிட்ட அது எதுவும் செய்யாது.

சரி, என்ன செய்யணும்?

இதுவரைக்கும் பெரிய கம்பெனிகளா சொன்னேன். இப்ப ஒரு 12 பேர் கம்பெனியைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு ஆப், ஒரு டேட்டாபேஸ், கூகுள் டிரைவ்ல கோப்புகள், டேலில கணக்கு. செக்யூரிட்டிக்குன்னு தனி ஆள் கிடையாது. அவங்க இந்த வரிசையில ஆரம்பிக்கலாம்.

முதல்ல, அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு? சின்ன கம்பெனிகள்ல நான் அடிக்கடி பார்க்கற விஷயம் இது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆப் பண்ணிக் கொடுத்த ஃப்ரீலான்சர் தம்பி, அவரோட சொந்த ஜிமெயில்ல, அவரோட போன் நம்பர்ல கிளவுட் அக்கவுண்ட் ஆரம்பிச்சிருப்பார். டொமைனும் அவர் பேர்லதான். அவர் நல்லவரா கெட்டவரான்னு யோசிக்க வேண்டாம். அவர் நம்பரை மாத்தினாலே உங்க கம்பெனி மாட்டிக்கும். கம்பெனி டொமைன்ல ஒரு பொது மெயில் ஐடி, ரெண்டு பொறுப்பான ஆள் பார்க்கற மாதிரி. ரூட் அக்கவுண்டை அதுக்கு மாத்துங்க.

கார்டையும் பாருங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானா பணம் எடுக்கறது 15,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு முறையும் ஓடிபி வேணும். பில் அந்த அளவைத் தாண்டின மாசம் பேமென்ட் நிக்கும், நினைவூட்டல் மெயில் யாரும் பார்க்காத இன்பாக்ஸ்ல குவியும்.

ரெண்டாவது, அட்மின் லாகின் எல்லாத்துக்கும் ரெண்டு கட்டச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபியை விட ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது, ஹார்டுவேர் கீ அதைவிட நல்லது. ரூட் லாகினை தினசரி வேலைக்குத் தொடவே வேண்டாம். ஆக்சஸ் கீயை கோடுக்குள்ள எழுதி கிட்ஹப்ல போடாதீங்க. பப்ளிக் ரெப்போல ஒரு கீ விழுந்தா, அதைத் தேடி எடுக்கறதுக்குன்னே பாட்கள் சுத்திட்டு இருக்கு. நிமிஷக் கணக்குல எடுத்துடும்.

மூணாவதுதான் இன்னைக்கு முக்கியமானது. பேக்கப்புக்கு தனி அக்கவுண்ட். அதே அமேசானா இருந்தாலும் பரவாயில்ல, வேற அக்கவுண்ட், வேற லாகின், வேற ஆள். மெயின் அக்கவுண்டுக்கு அங்க எழுத மட்டும் உரிமை, அழிக்க உரிமை இல்ல. எஸ்3ல ஆப்ஜெக்ட் லாக்னு ஒரு வசதி இருக்கு. அதை கம்ப்ளையன்ஸ் மோடில் 30 நாள்னு வெச்சா, அந்த 30 நாளும் அந்த ஃபைலை ரூட் யூசரால கூட அழிக்க முடியாது. கெடு முடியறதுக்கு முன்னாடி அது போகறதுக்கு ஒரே வழி, அந்த அக்கவுண்டையே மூடறது. தனி அக்கவுண்ட்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கோட் ஸ்பேசஸ்கிட்ட இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா, திருடனால இடைஞ்சல் கொடுத்திருக்க முடியும், கம்பெனியை முடிச்சிருக்க முடியாது.

நாலாவது, ஒரு காப்பி அந்த கிளவுட் கம்பெனிக்கே வெளிய. வேற கிளவுட்டா இருக்கலாம், ஆபீஸ்ல வேலை முடிஞ்சதும் கழட்டி வைக்கிற ஒரு ஹார்ட் டிஸ்க்கா இருக்கலாம். என்கிரிப்ட் பண்ணி வையுங்க, அந்தக் கீயை அதே டிஸ்க்குல வைக்காதீங்க. கிளவுட்ல இருந்து டேட்டாவை வெளிய எடுக்க காசு வாங்குவாங்க, அதனால எது இல்லைன்னா கம்பெனி நிக்குமோ அதை மட்டும் எடுத்தா போதும். வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர், கணக்கு. பிரைவேட் லிமிடெட்டா பதிவு பண்ணியிருக்கீங்கன்னா இன்னொண்ணு. கணக்குப் புத்தகத்தை கணினில வெச்சிருந்தா, அதோட பேக்கப் இந்தியாவுல இருக்கற சர்வர்ல தினமும் இருக்கணும்னு 2022ல இருந்து விதியே இருக்கு. உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் பத்தி ஒரு வார்த்தை. சின்க் ஆகறது பேக்கப் இல்ல. லேப்டாப்ல ஒரு ஃபோல்டரை டெலிட் பண்ணா, அங்கேயும் டெலிட் ஆகும். டிரைவ் டிராஷ்ல 30 நாள் இருக்கும், டிராஷும் காலியான பிறகு அட்மினால இன்னும் 25 நாள் வரைக்கும் மீட்க முடியும். அதோட முடிஞ்சது. வேலையை விட்டுப் போனவரோட அக்கவுண்டை டெலிட் பண்ணும்போது இன்னும் ஜாக்கிரதை. முதல்ல அவர் ஃபைலை வேற ஒருத்தர் பேருக்கு மாத்துங்க. மாத்தாம டெலிட் பண்ணிட்டா, அந்த யூசரைத் திரும்பக் கொண்டு வர 20 நாள்தான். அவர் கடைசி நாள் அன்னைக்கே எல்லா லாகினையும் நிறுத்துங்க. இது சந்தேகம் இல்ல, ஒழுங்கு. அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பின்னாடி ஏதாவது நடந்தா அவர் பேர் அடிபடாது.

கடைசியா, திரும்ப எடுத்துப் பாருங்க. எங்க டீம்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யறோம். ஒரு காலி சர்வர், பேக்கப் ஃபைல், ஒரு ஸ்டாப்வாட்ச். டேட்டாபேஸ் எழுந்து நின்னு, நேத்தைய கடைசி ஆர்டர் அதுல தெரியற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி வெக்கறோம். இதை எப்பவும் அந்த டீம்ல புதுசா சேர்ந்தவர்தான் செய்வார், எழுதி வெச்சிருக்கற குறிப்பை மட்டும் பார்த்து. அவரால முடிஞ்சா குறிப்பு சரி. அவர் எங்கேயாவது முட்டி நின்னா, அந்த இடத்துல குறிப்பைத் திருத்துவோம்.

இது என் வேலையா?

கேட்டுட்டு இருக்கற நிறைய பேர் கம்பெனி ஓனர் இல்லைன்னு எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். இதையெல்லாம் நான் எப்படிக் கேட்கறதுன்னு தோணும். மேனேஜரோட தப்பைக் கண்டுபிடிக்கற மாதிரி கேட்க வேண்டாம். மூணு கேள்வியை, தெரிஞ்சுக்கற மாதிரி கேளுங்க. நம்ம கடைசியா எப்ப பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம்? ப்ரொடக்‌ஷன் அட்மின் லாகின் இருக்கற ஒருத்தரால பேக்கப்பையும் அழிக்க முடியுமா? நாளைக்கு நம்ம கிளவுட் அக்கவுண்ட் பூட்டிக்கிச்சுன்னா, நம்ம கையில என்ன இருக்கும்?

பதில் தெளிவா இருந்தா சந்தோஷம், ஒரு நல்ல டீம்ல இருக்கீங்க. எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தா, அடுத்த ஸ்பிரின்ட்ல ஒரு டிக்கெட் போட்டு உங்க பேர்ல எடுத்துக்கோங்க. கோட் ஸ்பேசஸ்ல வேலை பார்த்தவங்களும், அங்க கோடை நம்பி வெச்ச டெவலப்பர்களும் அந்த 12 மணி நேரத்தைத் தேடிப் போகல. அவங்களுக்கும் அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாத்தான் ஆரம்பிச்சது.

அவ்வளவுதான் இன்னைக்கு. இதைக் கேட்டுட்டு யாராவது அவங்க கம்பெனி ரூட் அக்கவுண்ட் யாரோட ஜிமெயில்ல இருக்குன்னு தேட ஆரம்பிச்சா, இந்த எபிசோடுக்கு அது போதும். அடுத்த வாரம் பார்ப்போம்.